பூட்டு நம்முடையது, சாவி யாரிடம்?



இந்த மலரில் ஊர்ப் பயணம், கோயில் கொடை, பழைய பம்பாய் நினைவுகள் என்று ஏதாவது எழுதி உங்கள் பொறுமையைச் சோதிப்பது என் வழக்கம். இம்முறை ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண நோட்டுத்தான். அது இல்லாமல் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை நீங்களும் தெரிந்துகொண்டால், இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கி வைப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அதிகாலை ஐந்து மணிக்கு முலுண்டிலிருந்து அக்காவின் போன்.

"தம்பி, அத்தானுக்குப் பேச்சு வரலை. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. நீ உடனே வா."

டோம்பிவிலியிலிருந்து முதலில் வந்த லோக்கலைப் பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாவும் அவர் மகனும் அத்தானை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. எண்களும் பெயர்களும் எந்த அளவுக்குத் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அத்தானைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் இடி. 1974-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, ஒரு மருந்துக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். எந்தச் சரக்கு எந்த அலமாரியில் என்று ஏடு பார்க்காமல் சொல்வார். சொந்தக்காரர்களின் போன் நம்பர், எல்லாருடைய ரேஷன் கார்டு நம்பர், ஊருக்குப் போகும் ரயில்களின் நம்பர், எல்லாம் மனப்பாடம். வங்கிக் கணக்கு, மின்கட்டணம், வைப்புநிதி, இன்ஷூரன்ஸ் என்று வீட்டு நிர்வாகம் முழுவதும் அவர் கையில். செல்போன் வந்த பிறகு அவ்வளவும் அந்தப் போனுக்குள் போயிற்று.

"அத்தான், ஒரு டைரியில எழுதி வைங்களேன்" என்று நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அவர் தம் நெற்றியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"எழுதி வச்சாத்தானே மாப்பிள்ளை திருடன் எடுப்பான்? இங்க இருந்தா எவன் எடுப்பான்?"

அந்த நெற்றிக்குள்தான் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது.

மருத்துவமனைக் கவுண்டரில் இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பர் கேட்டார்கள். பாலிசி உண்டு என்பது அக்காவுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி, என்ன நம்பர் என்பது தெரியாது. இணையத்தில் வாங்கியது, காகிதமாக வரவில்லை, மின்னஞ்சலில் இருக்கிறது. மின்னஞ்சல் போனில் இருக்கிறது. காலையில் அத்தானின் விரலை வைத்துப் போனைத் திறந்துதான் அக்கா எங்களையெல்லாம் அழைத்திருந்தாள். மாலையில் பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டது. சார்ஜ் போட்டு மறுபடி உயிர்ப்பித்தபோது விரல் செல்லவில்லை. அணைந்து எழும் போன் முதல்முறை எண்ணைத்தான் கேட்கும், ரேகையை ஏற்காது என்பது அன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆறு இலக்க எண். பிறந்த நாள், கல்யாண நாள், பேத்தி பிறந்த நாள் எல்லாம் போட்டுப் பார்த்தோம். தப்பாகப் போடப் போடப் போன் எங்களைக் காக்க வைக்கும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று.

முன்பணம் கட்ட அக்காவின் வளையல் அடகுக்குப் போனது. மராத்திக்காரம்மா கேட்காமலே ஐம்பதாயிரம் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து வந்த என் மருமகன், அக்காவின் மூத்தவன், ஒரு காரியம் செய்தான். அத்தானின் போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றித் தன் பழைய போனில் போட்டான். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் தளங்களில் ஒவ்வொன்றாக அத்தானின் எண்ணைக் கொடுத்தான். நான்காவது தளத்திலிருந்து ஓடிபி வந்து விழுந்தது. பாலிசி கிடைத்தது.

எல்லாரும் பெருமூச்சு விட்டோம். அவன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மாமா, நான் இப்ப செஞ்சதை ஒரு திருடனும் செஞ்சிருக்கலாம்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. அத்தானின் பூட்டு, திறக்க வேண்டிய மனைவிக்குத் திறக்கவில்லை. சிம்மைக் கழற்றத் தெரிந்த எவனுக்கும் பாதி திறந்துவிடும் நிலையில் இருந்தது.

வங்கிக் கணக்கு அத்தான் பெயரில் தனியாக இருந்தது. கிளை மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். கணக்குக்காரர் உயிரோடு இருக்கும்போது மனைவியே ஆனாலும் அவர் பணத்தைக் கொடுக்க முடியாது என்றார். அது சரிதான், நாளைக்கு நம் பணத்துக்கும் அந்த விதிதான் காவல். கையெழுத்துப் போட முடியாத நோயாளிகளுக்கென்று ரிசர்வ் வங்கி வகுத்த வழி ஒன்று உண்டு. விரல் ரேகையோ வேறு அடையாளமோ வைக்கலாம். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். அப்படி அதிகாரி வீட்டுக்கு வந்து, அத்தானின் இடது பெருவிரல் ரேகை வாங்கி, முதல் பணம் எங்கள் கைக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. கணக்கு கூட்டுக் கணக்காக, இருவரில் யாரும் இயக்கலாம் என்ற ஏற்பாட்டோடு இருந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

பணம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் பாஸ்வேர்டும் முதல் திருட்டும்

இதையெல்லாம் பார்த்தபின் நான் என் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நான் அத்தானைவிட மோசம். பதினொரு இடங்களில் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் எங்கள் ஊர்ப் பெயரும் நான் பிறந்த வருடமும். நம்மவர்களில் பாதிப்பேர் சாமி பெயர் வைத்திருப்பார்கள், மீதிப்பேர் ஊர்ப் பெயரோ பிள்ளை பெயரோ வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. பின்னால் ஒன்று இரண்டு மூன்று. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகூடக் கண்டுபிடித்துவிடுவார்.

அதற்கு நான் ஏற்கெனவே அபராதம் கட்டியிருக்கிறேன். எப்போதோ ஒரு சில்லறைக் கடைத் தளத்தில் பதிந்திருந்த பாஸ்வேர்டு வெளியே கசிந்து, அதைக்கொண்டே என் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். திருடர்கள் நம்மை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. ஓரிடத்தில் கசிந்த பட்டியலை எடுத்து, அதே பெயரையும் சொல்லையும் நூறு இடங்களில் கணினியை விட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரே சாவியில் வீடு, பீரோ, கடை எல்லாம் திறக்கும்படி வைத்தவனுக்கு ஒரு சாவி தொலைந்தால் எல்லாம் தொலைந்த மாதிரிதான்.

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்பதே 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வந்த ஏற்பாடு. பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்து பயன்படுத்தியபோது, அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்க, பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு அதை வைத்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய பாஸ்வேர்டு இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துவிட்டார். பாஸ்வேர்டு நடைபயிலும் முன்பே திருட்டும் வந்துவிட்டது பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. கார்பட்டோ தம் முதுமையில், 2014-இல், ஒரு பத்திரிகைப் பேட்டியில் பாஸ்வேர்டு என்பது இப்போது ஒரு கெட்ட கனவாகிவிட்டது என்ற பொருளில் பேசினார். தம்முடைய சுமார் 150 பாஸ்வேர்டுகளைத் தட்டச்சு செய்த தாள்களில் எழுதி வைத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். இதைப் படித்ததும் எனக்கு வெட்கம் போய்விட்டது. அதை உருவாக்கியவரே காகிதத்தில் எழுதி வைத்தால், நாம் எழுதுவதில் என்ன குறை? எங்கே எழுதுகிறோம், எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எழுதக் கூடாத இடங்கள்

சங்கத்து முதியோர் கூட்டத்தில் இதுபற்றிப் பேச்சு வந்தபோது ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டவை இவை. ஒருவர் ஏடிஎம் ரகசிய எண்ணைக் கார்டின் உறையிலேயே எழுதி வைத்திருந்தார். ஒருவர் போனில் "ஏடிஎம் மாமா" என்று ஒரு பெயர் போட்டு, போன் நம்பர் மாதிரி சேமித்திருந்தார். "நல்ல யோசனைதானே?" என்று கேட்டார். இந்த யோசனை நாடு முழுவதும் எல்லாருக்கும் வந்த யோசனை, திருடனும் முதலில் தேடுவது அங்கேதான். ஒரு அம்மா பாஸ்வேர்டு எழுதிய தாளைப் படம் எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அந்தப் படம் தாய் போனிலும் மகள் போனிலும், இருவருடைய இணையச் சேமிப்பிலும் ஆக நான்கு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கார்டோடு எண் வேண்டாம். போனுக்குள் பூட்டில்லாத குறிப்பு வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். மணிபர்ஸில் வேண்டாம், ஏனென்றால் லோக்கல் ரயிலில் போவது பர்ஸ்தான், பீரோ அல்ல.

நோட்டில் என்ன எழுதுவது

எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். ஒரு கணக்குக்கு ஒரு பக்கம். மேலே கணக்கின் பெயர், உள்நுழையும் பெயர். அடுத்து எந்த மின்னஞ்சல், எந்தப் போன் எண் அதோடு இணைந்திருக்கிறது என்ற விவரம். அடுத்து பாஸ்வேர்டு. அடியில் மாற்றிய தேதி. பென்சிலால் எழுதினால் மாற்றும்போது அடித்துத் திருத்திக் குழம்ப வேண்டாம்.

பாஸ்வேர்டை முழுதாக எழுதுவதில்லை. எல்லாப் பாஸ்வேர்டுகளின் கடைசியிலும் ஒரு சிறு சொல் பொதுவாகச் சேரும். அந்தச் சொல் நோட்டில் கிடையாது. எனக்கும் என் மனைவிக்கும் பெங்களூர் மருமகனுக்கும் மட்டும் தெரியும். நோட்டு திருடு போனாலும் திருடன் கையில் இருப்பது முக்கால் சாவி. அவன் உட்கார்ந்து யோசிப்பதற்குள் நாம் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். ஏடிஎம் எண்ணும் யுபிஐ எண்ணும் நோட்டில் ஏறவே கூடாது. அவற்றை மறந்தால் புதிதாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

நோட்டு பீரோவின் உள்ளறையில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கட்டும். அட்டையில் "பாஸ்வேர்டு" என்று எழுத வேண்டாம். எங்கள் நோட்டின் அட்டையில் பலகாரத்தின் பெயர் இருக்கிறது, எந்தப் பலகாரம் என்று சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும்விட மின்னஞ்சல் பக்கம் முக்கியம். மற்ற எந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்தாலும் புதிதாக்கும் கடிதம் மின்னஞ்சலுக்குத்தான் வரும். மின்னஞ்சல் போனால் வீட்டுச் சாவிக்கொத்தே போன மாதிரி. அதற்கு மட்டுமாவது வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பும் வையுங்கள். அப்படி வைக்கும்போது, போன் தொலைந்தால் பயன்படுத்த என்று சில அவசர எண்களைத் தருவார்கள். அவற்றை அச்செடுத்து நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

நல்ல பாஸ்வேர்டு எது

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, விசித்திரக் குறி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று நம்மைப் படுத்திய விதிகளுக்குப் பெரிதும் மூலமாக இருந்தது, அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஒரு வழிகாட்டி. அதை எழுதிய பில் பர் என்பவரே பின்னாளில் அதற்காக வருந்தினார். 2017-இல் அந்த நிறுவனம் விதியை மாற்றியது. காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், விசித்திரக் குறிகளைவிட நீளம் முக்கியம், ஏற்கெனவே கசிந்த சொற்களைத் தடுங்கள் என்றது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் ஒன்றை இரண்டாக்குவார்கள், இரண்டை மூன்றாக்குவார்கள், அவ்வளவுதான். கசிந்தது என்று தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். மற்றபடி நீளமாக ஒன்று வைத்து நிம்மதியாக இருங்கள்.

நீளத்துக்கு நமக்கு ஒரு வசதி உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். ஏணி, தவில், புளி, கம்பளி என்பது போல. இந்த நான்கையே வைத்துவிடாதீர்கள், இது அச்சில் வந்துவிட்டது. பாட்டு வரி, குறள், பழமொழி எதுவும் வேண்டாம். ஊருக்கே தெரிந்தது கணினிக்கும் தெரியும். அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து விரல் வைத்த இடத்துச் சொல்லை எடுங்கள். பேரப்பிள்ளைகளோடு செய்தால் அவர்களுக்கு நாலு தமிழ்ச் சொல் தெரிந்த புண்ணியமும் சேரும்.

கணினிப் பெட்டகம்

என் மருமகன் தலைமுறை நோட்டு வைப்பதில்லை. பாஸ்வேர்டு மேலாளர் என்ற செயலி வைத்திருக்கிறார்கள். பிட்வார்டன், கீபாஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கும். கூகுளும் ஆப்பிளும் தங்கள் போன்களிலேயே இந்த வசதியைத் தருகின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் தானே ஒரு நீளமான பாஸ்வேர்டை உண்டாக்கி, பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுக்கும். நாம் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் ஒரு தலைமைச் சொல் மட்டும். இன்னொரு நன்மையும் உண்டு. வங்கியைப் போல வேடம் போட்ட போலித் தளத்தில் நாம் ஏமாந்து நின்றாலும், முகவரி வேறு என்று கண்டு அது பாஸ்வேர்டை நிரப்பாது. அது தயங்கினால் நாமும் தயங்க வேண்டும்.

ஆனால் தலைமைச் சொல் பலமாக இருக்க வேண்டும். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களையே திருடர்கள் நகலெடுத்துக்கொண்டு போனார்கள். தலைமைச் சொல்லைப் பலமாக வைத்தவர்கள் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள், எளிதாக வைத்தவர்கள் கவலைப்பட நேர்ந்தது. இந்தப் பெட்டகங்களில் பலவற்றில் தலைமைச் சொல்லை மறந்தால் நிறுவனமே நினைத்தாலும் திறந்து தர முடியாது. அதனால்தான் செயலி வைத்திருக்கும் மருமகனும் தலைமைச் சொல்லை ஒரு கவரில் எழுதி ஒட்டி, மேல் கையெழுத்திட்டு, அக்காவின் பீரோவில் வைத்திருக்கிறான். எத்தனை செயலி வந்தாலும் கடைசியில் ஒரு காகிதமும் நம்பிக்கைக்குரிய ஒரு மனிதரும் தேவைப்படுகிறார்கள்.

பிள்ளைகள் ஓர் ஊர், நாம் ஓர் ஊர்

வெளியூர்வாசிகளான நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேலை மாறி ஊர் மாறும்போது போன் எண்ணையும் மாற்றுகிறோம். ஊரிலிருக்கும் அம்மா பெயரில் ஒரு சிம், எப்போதோ நாக்பூரில் இருந்தபோது வாங்கிய சிம் என்று எது எதோடு இணைந்திருக்கிறது என்பதே மறந்துபோகிறது. ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்ட எண்ணை முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்போது நம் ஓடிபி யாரோ ஒரு அன்னியர் போனில் போய் விழும். எண்ணை விடுவதற்கு முன் வங்கி, ஆதார், மின்னஞ்சல், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதிந்துவிட்டு விடுங்கள். எந்த எண் எங்கே என்று நோட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

மருமகன் செய்த சிம் வேலையைத் திருடன் செய்யாதிருக்க, போனில் சிம்முக்கே ஒரு ரகசிய எண் வைக்க முடியும். மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், திறக்கக் கம்பெனியிடம் வேறொரு எண் வாங்க வேண்டும். ஆகவே வைத்தால் அன்றே நோட்டில் ஏற்றுங்கள். போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள். பிறகு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு.

ஓடிபி, ரகசிய எண், பாஸ்வேர்டு எதையும் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவரிடம் சொல்ல வேண்டாம். அவர் நல்ல தமிழில் "ஐயா, நானும் திருநெல்வேலிதான்" என்று பேசினாலும் வேண்டாம். நம் ஊர்ப்பாசம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

நமக்குப் பின்

இதைப் பேச யாருக்கும் மனம் வராது. என்றாலும் பேச வேண்டும். கணக்குக்காரர் காலமான பிறகு அவருடைய பாஸ்வேர்டையோ கார்டையோ வைத்துப் பணம் எடுப்பது முறையல்ல. மற்ற வாரிசுகள் நாளை கேள்வி கேட்டால் சிக்கல். நாமினி வங்கியில் விண்ணப்பித்துப் பெறுவதுதான் வழி. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். அப்படியானால் நோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே நாமினி போய்க் கேட்க முடியும்? பத்து வருடம் யாரும் தொடாத வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் உரியவர் கேட்டுப் பெறலாம். அப்படிப்பட்ட தொகையைத் தேடவென்றே 2023-இல் உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியிருக்கிறது. தேடும்படி வைக்காமல் நாமே எழுதிவைத்துப் போவது பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம்.

படங்களும் கடிதங்களும் வேறு. கூகுள் கணக்கில், குறிப்பிட்ட மாதங்கள் நாம் உள்ளே வராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கக்கூடும் என்பதால் இது அவசியம். ஆப்பிள் போனிலும் நமக்குப்பின் உரியவர் என்று ஒருவரைக் குறிக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. பத்து நிமிட வேலை.

வராமல் போன அந்த ஒன்றைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அத்தானின் அம்மா, எங்கள் பெரிய அத்தை, 2019-இல் காலமானார். அதற்கு முந்தைய பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அத்தை தம் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல அத்தான் போனில் பதிந்து வைத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பேத்தியின் படங்கள் கூகுள் கணக்கிலிருந்து கிடைத்துவிட்டன. அந்தக் குரல் மட்டும் போனுக்குள்ளேயே இருக்கிறது. கடையில் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திறப்போம் என்கிறார்கள். அக்கா சம்மதிக்கவில்லை. மாதம் ஒருமுறை அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டு, துடைத்து, மறுபடி பீரோவில் வைக்கிறாள்.

அத்தான் இப்போது தடி ஊன்றி நடக்கிறார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, எண்கள் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருகிறாள். மின்கட்டணமும் வங்கிக் கணக்கும் இப்போது அவள் பொறுப்பு. எட்டாம் வகுப்புவரை படித்தவள், கணக்குக்கு ஒரு பக்கமாகத் தெளிவாக எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டுவாள், அத்தான் தலையாட்டுவார். சென்ற மாதம் நான் போயிருந்தபோது அத்தான் இடது கையால் என்னைக் கூப்பிட்டார். தம் நெற்றியைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு அந்த நோட்டைத் தட்டினார்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மனதில் வைத்திருக்கும் ஒருவர் இருப்பார். அது நீங்களாகவே இருக்கலாம். இந்த ஞாயிறு காப்பி குடித்ததும் அவரோடு உட்கார்ந்து முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள்.